கொழுப்புக்குச் சாதி உண்டா?

‘கொழுப்பு’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள்கள் உண்டு. உணவிலும் உடலிலும் உள்ள நெய்ப்பொருள் ஒன்று, திமிர் மற்றொன்று. புதுச்சட்டை அணிந்து மோட்டார் சைக்கிளில் ஊர்த்தெரு வழியே செல்லும் சேரி இளைஞனைப் பார்த்து, ‘கொழுப்பெடுத்துத் திரிகிறான்’ என்கிறார்கள் சாதி இந்துக்கள். ‘மாட்டுக்கறி தின்ற கொழுப்பு’ என்ற வசவும் பல வேளைகளில் அதனுடன் சேர்ந்துகொள்ளும். கல்லூரி விடுதிகளுக்குள் இதே வசவு அறிவுரையாக நுழைகிறது: ‘மாட்டுக்கறியில் கொழுப்பு அதிகம், இதயத்துக்குக் கேடு, சைவமே நல்லது.’ முன்னதை வெறுப்பு என்று எளிதில் அடையாளம் கண்டுவிடுகிறோம். பின்னது அறிவியலின் குரலில் பேசுவதால், நம்மில் பலர் பதில் சொல்ல முடியாமல் நிற்கிறோம். எனவே, கொழுப்பைப் பற்றி அறிவியல் உண்மையில் என்ன சொல்கிறது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டியுள்ளது.

அதற்கு முன் ஒரு வரலாற்று நிகழ்வை நினைவுகொள்வோம். 1936இல் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ நூலில் அண்ணல் அம்பேத்கர், ஜெய்ப்பூர் அரசைச் சேர்ந்த சக்வாரா என்ற சிற்றூரில் நடந்ததைப் பதிவு செய்திருக்கிறார். புனிதப் பயணம் சென்று திரும்பிய தீண்டப்படாதவர் ஒருவர் தம் மக்களுக்கு விருந்து படைத்தார். அதில் நெய்யும் பரிமாறப்பட்டது. உண்டுகொண்டிருந்தபோதே நூற்றுக்கணக்கான சாதி இந்துக்கள் தடிகளுடன் வந்து உணவைப் பாழாக்கி, விருந்தினரை அடித்து விரட்டினர். நெய் பரிமாறும் அளவுக்குத் துணிந்ததும், அதை உண்ணும் அளவுக்கு விருந்தினர் துணிந்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். சாதிச் சமூகத்தில் நெய் வெறும் உணவுப் பொருளாக இருந்ததில்லை. யார் உண்ணலாம், யார் உண்ணக்கூடாது என்று வரையறுக்கப்பட்ட உரிமையாக இருந்தது. ‘நெய் தூய்மையானது, மாட்டுக் கொழுப்பு இழிவானது’ என்ற எண்ணம் பிறந்த இடம் ஆய்வுக்கூடம் அன்று, இந்தப் பந்திதான்.

இனி ஆய்வுக்கூடத்துக்குள் செல்வோம். நாம் உண்ணும் எல்லாக் கொழுப்பும், அது செக்கில் ஆட்டிய எண்ணெய் ஆனாலும் விலங்கின் கொழுப்பு ஆனாலும், கொழுப்பு அமிலங்களால் ஆனது. இவை கரிம அணுக்கள் வரிசையாகக் கோத்த சங்கிலிகள். சங்கிலியின் ஒவ்வொரு கரிமமும் தன்னால் ஏற்க முடிந்த அளவுக்கு ஹைட்ரஜனை ஏற்றிருந்தால் அது நிறைவுற்ற கொழுப்பு. சங்கிலியில் ஓர் இரட்டைப் பிணைப்பு இருந்தால் ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு. ஒன்றுக்கு மேல் இருந்தால் பன்மை நிறைவுறாக் கொழுப்பு. நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த பொருள்கள் பெரும்பாலும் உறையும் தன்மை கொண்டவை. நிறைவுறாக் கொழுப்பு மிகுந்தவை நீர்மமாக இருக்கும். நிறைவுற்ற கொழுப்பை மிகுதியாக உண்டால் இரத்தத்தில் எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொலஸ்டிரால் கூடி, இதயக் குழாய்களில் படிகிறது. அதற்கு மாற்றாக நிறைவுறாக் கொழுப்பை உண்டால் எல்.டி.எல். குறைகிறது.

எந்தப் பொருளிலும் ஒரே வகைக் கொழுப்பு மட்டும் இருப்பதில்லை. கலவையின் விகிதமே மாறுபடுகிறது. அந்த விகிதத்தை வரிசைப்படுத்தினால் சைவ, அசைவக் கோடு கலைந்துபோகிறது. தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 80 விழுக்காட்டுக்கும் மேல். நெய்யில் ஏறத்தாழ 60 விழுக்காடு. மாட்டுக் கொழுப்பிலும் பாமாயிலிலும் ஏறத்தாழப் பாதி. பன்றிக் கொழுப்பில் 40 விழுக்காட்டை ஒட்டியும், கோழிக் கொழுப்பில் 30 விழுக்காட்டை ஒட்டியும் உள்ளது. கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நல்லெண்ணெயில் ஏழில் ஒரு பங்கு. அதாவது, இந்த வரிசையின் உச்சியில் இருப்பவை இரண்டும் ‘சைவம்’. அடியில் இருப்பவை இரண்டும் ‘சைவம்’. இழிவானதென்று தள்ளப்பட்ட பன்றிக் கொழுப்பு, கோயில் விளக்கிலும் பந்தி இலையிலும் ஊற்றப்படும் நெய்யைவிடக் குறைந்த நிறைவுற்ற கொழுப்பைக் கொண்டிருக்கிறது.

மேற்கண்டவை பிரித்தெடுத்த கொழுப்பைப் பற்றிய கணக்கு. கறி என்பது முழுவதும் கொழுப்பு அன்று. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவுச்சத்து அட்டவணை நெடுங்காலமாக நம் நாட்டில் பயன்பட்டு வந்தது. அதன்படி 100 கிராம் மாட்டுத் தசைக்கறியில் உள்ள கொழுப்பு 3 கிராமுக்கும் குறைவு. எருமைக்கறியில் ஏறத்தாழ 1 கிராம். அதே அட்டவணையில் ஆட்டுத் தசைக்கறியின் கொழுப்பு 13 கிராம். ‘மட்டன்’ விருந்தை மதிப்பாகவும் மாட்டுக்கறியைக் ‘கொழுப்பு’ என்றும் பேசுவோர் இந்த எண்களைப் பார்த்ததில்லை போலும். ஒரு மேசைக்கரண்டி நெய்யில் மட்டும் 8 கிராமுக்கும் மேல் நிறைவுற்ற கொழுப்பு இருக்கிறது. ஒரு நாளில் உட்கொள்ளும் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பிலிருந்து வரக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு இது ஏறத்தாழ 22 கிராம். மூன்று கரண்டி நெய்யில் அந்த எல்லை தாண்டிவிடும்.

கொழுப்புகளில் மிகக் கேடானது மற்றொன்று: டிரான்ஸ் கொழுப்பு. நீர்மமாக உள்ள தாவர எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்தி நெய்போல் உறையச் செய்யும்போது இது உருவாகிறது. எல்.டி.எல். அளவை உயர்த்துவதோடு, எச்.டி.எல். எனப்படும் நல்ல கொலஸ்டிராலையும் குறைப்பதால் இது இரட்டைக் கேடு. 1937இல் டால்டா சந்தைக்கு வந்ததிலிருந்து, நெய் வாங்க இயலாதவர்களின் நெய்யாக வனஸ்பதி நம் நாடெங்கும் பரவியது. விலங்கின் கொழுப்பு சிறிதும் கலவாத, ‘தூய’ சைவப் பொருள் அது. இனிப்புக் கடைகளிலும் அடுமனைகளிலும் பஃப்ஸ், பிஸ்கட், கேக் வழியாக ஏழைகளின் உடலுக்குள் சென்றது. கால்நடைகளின் பாலிலும் இறைச்சியிலும் இயற்கையாகவே சிறிதளவு டிரான்ஸ் கொழுப்பு உண்டு. ஆனால் தொழிற்சாலையில் உருவாவதே பெருங்கேடு. அதை உலக உணவிலிருந்தே அகற்ற வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் அறைகூவல் விடுத்தது. நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம், எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற வரம்பை 2022 சனவரியில்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

பொட்டலங்களில் உள்ள பச்சைப் புள்ளியை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். உள்ளே இருப்பது எதிலிருந்து வந்தது என்பதை மட்டுமே அது சொல்கிறது. உடலை என்ன செய்யும் என்பதை அது சொல்வதில்லை. வனஸ்பதியில் பொரித்த பண்டத்துக்கும் பச்சைப் புள்ளி. ஒமேகா 3 மிகுந்த மத்தி மீனுக்குப் பொட்டலத்தில் பழுப்புக் குறி. பச்சையை நலம் என்றும் பழுப்பைத் தீங்கு என்றும் படிக்க நமக்குக் கற்றுக்கொடுத்தது சாதி.

இதற்கு மறுதலையாக, மாட்டுக்கறியை நாம் புனிதப்படுத்தவும் வேண்டியதில்லை. ஒரு புனிதத்தை உடைத்து மற்றொரு புனிதத்தை நிறுவுவது நம் வேலை அன்று. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல், பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகவும், செவ்விறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருளாகவும் வகைப்படுத்தியது. செவ்விறைச்சி என்பதில் மாடு மட்டுமின்றி ஆடும் பன்றியும் அடங்கும். உப்புக்கண்டத்தில் உப்பின் அளவு மிகுதி என்பதால் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதை அளவோடு உண்ண வேண்டும். கறியின் மேல் படிந்த வெள்ளைக் கொழுப்பை நீக்கிச் சமைப்பதும், பொரிப்பதைக் குறைத்துக் குழம்பாக வைப்பதும், ஒருமுறை பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சாமல் இருப்பதும் நலம் தரும். மத்தி, அயிலை போன்ற விலை குறைந்த மீன்களும், வேர்க்கடலையும் எள்ளும் நல்ல கொழுப்பைத் தருகின்றன. இந்த அறிவுரைகள் எல்லாச் சாதியினருக்கும் பொதுவானவை. நெய்ப்பொங்கல் உண்பவருக்கும் இதே அளவுகோல்தான்.

நலம் என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் விலக்குதல்தான். 2015இல் மத்தியப் பிரதேச அரசு, அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை வழங்கும் திட்டத்தை மறுத்தது. 2018 திசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் உணவகம் ஒன்றில் சைவ, அசைவ மாணவர்களுக்குத் தனித்தனி வாயிலும் கைகழுவும் இடமும் குறித்த அறிவிப்புகள் ஒட்டப்பட்டு, எதிர்ப்பு எழுந்தபின் அகற்றப்பட்டன. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் அறிவித்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறிக்கு இடமளிக்கப்படவில்லை. விழா ஒத்திவைக்கப்பட்டது, மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் இதைப் பாகுபாடாகக் கருதி மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் 97 விழுக்காட்டினர் அசைவம் உண்பவர்கள். அப்படிப்பட்ட மாநிலத்திலேயே பொதுப்பந்தியின் விதியைச் சிறுபான்மையோரின் இலை தீர்மானிக்கிறது.

உண்மையில் அக்கறை இருக்குமானால், கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. ஏழைகளின் குடும்ப அட்டைக்கு நியாயவிலைக் கடையில் மலிவு விலையில் கிடைப்பது பாமாயில். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் வெளிச்சந்தை விலையில்தான் கிடைக்கின்றன. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் என்ன எண்ணெயில் சமைக்கிறார்கள், எத்தனை முறை அதையே காய்ச்சுகிறார்கள், வாரத்துக்கு எத்தனை நாள் முட்டையும் கறியும் மீனும் தருகிறார்கள்? இவற்றைக் கேட்கும் மாணவர் சங்கங்களே மக்களின் இதயத்தைக் காப்பவை. விடுதி உணவுக் குழுவில் இடம் கேளுங்கள். கொள்முதல் பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பெறுங்கள். கடலை எண்ணெயை நியாயவிலைக் கடைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற உழவர்களின் கோரிக்கையோடு உங்கள் குரலையும் சேருங்கள்.

அடுத்தமுறை எவரேனும் உங்கள் தட்டைப் பார்த்துக் ‘கொழுப்பு’ என்று சொன்னால், எந்தக் கொழுப்பு, எத்தனை கிராம் என்று கேளுங்கள். நலத்தைப் பற்றிப் பேச வந்தவராயின் அவரால் விடை சொல்ல முடியும். விடை இல்லையெனில், அவர் பேச வந்தது உணவைப் பற்றி அன்று. சக்வாராவில் தடியோடு வந்தவர்களுக்கும் நெய்யின் சத்தைப் பற்றிக் கவலை இருந்ததில்லை.