குற்றம் சாட்டப்பட்டவருக்கு மனநோய்: வழக்கில் பேசுவது பழைய மருந்துச் சீட்டு

பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி எல்லாம் தாண்டிக் கொடைக்கானல் மேல்மலையில் இருக்கிறது போளூர். அங்கே ஓர் இளைஞருக்குக் காதில் யாரோ பேசுவதுபோல் குரல்கள் கேட்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 'காத்துக்கருப்பு' என்று வீட்டார் மந்திரிக்கிறார்கள், கயிறு கட்டுகிறார்கள். மனநல மருத்துவரைப் பார்க்க மலையிறங்கித் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ போக வேண்டும். ஒருமுறை போய் வருகிறார்கள். கொடுத்த மாத்திரை தீர்ந்ததும் விட்டுவிடுகிறார்கள். ஒருநாள் அவர் அரிவாளை எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரரை வெட்டிவிடுகிறார். இனி அவருடைய வழக்கு என்ன ஆகும்?

பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. செயல் நடந்த நேரத்தில், புத்தி சுவாதீனம் இல்லாததால், தான் செய்வது என்ன என்றோ, அது தவறு அல்லது சட்ட விரோதம் என்றோ அறிய முடியாத நிலையில் ஒருவர் இருந்திருந்தால் அது குற்றமாகாது. 2024 ஜூன் 30 வரை இது இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவாக இருந்தது. எண் மாறியதே தவிர உள்ளடக்கம் மாறவில்லை. 1843-இல் லண்டனில், பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளரைச் சுட்டுக்கொன்ற மெக்நாட்டன் என்பவர் விடுவிக்கப்பட்டார். அதையொட்டி ஆங்கிலேய நீதிபதிகள் வகுத்த விதிதான் இன்றும் நம் சட்டத்தின் அடித்தளம்.

மனநோய் இருந்தது என்று மட்டும் காட்டினால் நீதிமன்றம் ஏற்காது. சம்பவம் நடந்த அந்த வேளையில் அறிவு மறைந்திருந்தது என்று காட்ட வேண்டும். காட்ட வேண்டிய பொறுப்பும் குற்றம் சாட்டப்பட்டவருடையது. ஆனால் அரசுத் தரப்பைப்போலச் சந்தேகத்துக்கு இடமின்றி அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. 1964-இல் தயாபாய் தாக்கர் வழக்கில் நீதிபதி சுப்பாராவ் இதைத் தெளிவாக்கினார்: அப்படி இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அந்த அளவுக்குக் காட்ட முடியாவிட்டாலும், குற்ற எண்ணம் இருந்ததா என்ற நியாயமான சந்தேகத்தை எழுப்பினாலே விடுதலைக்கு வழியுண்டு. ஆனாலும் தாக்கரிடம் போதிய ஆதாரம் இல்லாததால் அவருடைய மேல்முறையீடு தள்ளுபடியானது.

ஆதாரம் இருந்தால் என்ன நடக்கும் என்பதை 2002-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் காணலாம். மகாராஷ்டிரத்தில் ஒரு போலீஸ் கான்ஸ்டபிள் மனைவியை அரைக்கும் கல்லால் அடித்துக் கொன்றார். அவருக்குச் சித்தப்பிரமை வகை மனச்சிதைவு. தந்தைக்கும் மனநோய் இருந்திருக்கிறது. சம்பவத்துக்கு முன்பும் பின்பும் சிகிச்சை பெற்றதற்கான மருத்துவமனைப் பதிவுகள் இருந்தன. பட்டப்பகலில் கொன்றுவிட்டு அவர் ஓடவில்லை, ஒளியவுமில்லை. கொலைக்குச் சொல்லப்பட்ட காரணமும் வலுவாக இல்லை. உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது.

அந்தப் பதிவுகள் இல்லாதிருந்தால்? கொலைதான் நடந்திருக்கிறது, மனைவியும் இறந்திருக்கிறார் என்பதே மிஞ்சியிருக்கும். மருத்துவமனை வாசலை மிதிக்காத குடும்பத்துக்கு இந்தச் சட்டம் ஏட்டில் மட்டுமே இருக்கிறது. இது அநீதி என்றே நான் கருதுகிறேன். 'ஓடி ஒளிந்தார், ஆகவே அறிந்தே செய்தார்' என்ற வாதத்தையும் நம் நீதிமன்றங்கள் எளிதில் ஏற்றுக்கொள்கின்றன. குரல்களுக்குப் பயந்து ஓடுகிறவரும் உண்டு என்பதை வக்கீல் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இன்னொரு கேள்வியும் தனியே இருக்கிறது. சம்பவ நேரத்து நிலை எதுவானாலும், இப்போது தன் வழக்கை நடத்தும் நிலையில் அவர் இருக்கிறாரா? இதற்கான நடைமுறை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 367-ஆம் பிரிவில் தொடங்குகிறது. மாஜிஸ்திரேட் அவரை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பி அறிக்கை பெற வேண்டும். தன்னைக் காத்துக்கொள்ளும் திறன் இல்லை என்றால் வழக்கு நிறுத்தி வைக்கப்படும். முகாந்திரமே இல்லாத வழக்கு என்றால் நிறுத்தி வைக்காமல் விடுவிக்கவே வேண்டும். இந்த விடுவிப்பைக் கேட்டுப் பெறும் வக்கீல்கள் போதுமான அளவில் இல்லை.

நிறுத்தி வைக்கப்படும் வழக்கில் ஆபத்தும் உண்டு. அசாமில் 1951-இல் கைதான மச்சால் லாலுங் மனநலக் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டார். 1967-இல் மருத்துவர்கள் அவர் நலமாக இருப்பதாகச் சொன்னார்கள். வீட்டுக்கு அனுப்பாமல் சிறைக்கு மாற்றினார்கள். விசாரணை நடக்கவேயில்லை. 2005-இல் ஒரு ரூபாய் சொந்த ஜாமீனில் வெளியே வந்தார். ஐம்பத்து நான்கு ஆண்டுகள்! அப்போது பீகாரில் இருந்த ஹசாரிபாக் சிறையில் இப்படிப் பல பத்தாண்டுகள் மறக்கப்பட்டவர்களை 1982-இல் வீணா சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. இப்படி ஆகாமலிருக்க, வழக்கை நிறுத்தி வைத்த அன்றே வக்கீல் அடுத்த மருத்துவ அறிக்கைக்குத் தேதி கேட்க வேண்டும்.

22-ஆம் பிரிவின்படி விடுதலையானாலும் அவர் உடனே ஊர் திரும்பிவிட முடியாது. பாதுகாப்பான காவலிலோ மனநல மருத்துவமனையிலோ வைக்க நீதிமன்றம் உத்தரவிடும். பார்த்துக்கொள்வோம் என்று உறவினர் பொறுப்பேற்று உத்தரவாதம் தந்தால் அவர்களிடம் ஒப்படைக்கலாம். 'வீட்டுக்கு வேண்டாம்' என்று குடும்பமே சொல்லிவிட்டால் அவருக்குக் காப்பகமே கதி.

ஆகவே போளூர்க்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டியது இது. ஓ.பி. சீட்டு, மாத்திரை அட்டை எதையும் தூக்கி எறியாதீர்கள். கோயிலில் கட்டிவைத்திருந்தால், அப்போது பார்த்தவர்களின் பெயரைக் குறித்து வையுங்கள். கைதான அன்றே, ரிமாண்டின்போதே, நோய் விவரத்தை மாஜிஸ்திரேட்டிடம் சொல்லுங்கள். மாஜிஸ்திரேட் முன் தாமாக முன்வந்து தரும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகும். அதற்கு முன்பே வக்கீல் அருகில் இருக்க வேண்டும். காவலில் உள்ளவருக்கும், மனநோயால் மாற்றுத்திறனாளியானவருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வழி செய்திருக்கிறது. அழைக்க வேண்டிய எண் 15100. அரிவாள் எடுக்கும் நாளுக்கு முன்பே, குரல்கள் கேட்கத் தொடங்கிய நாளிலேயே அழைக்க 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது. இரண்டையும் சுவரில் எழுதி வையுங்கள்.