பறப்பதற்கு முன் பெற வேண்டிய அனுமதி

திருமண வீட்டுக் கூரைக்கு மேல் கமரா பொருத்திய ட்ரோன் ஒன்று வட்டமிடுவது கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று போன்ற ஊர்களில் இன்று எவரையும் வியப்பில் ஆழ்த்துவதில்லை. நெல்வயல்களுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன்களும் நாட்டில் பாவனைக்கு வந்துவிட்டன. ஆயினும் இவை சட்டத்தின் பார்வையில் விளையாட்டுப் பொருட்களல்ல, விமானங்களே என்பதை எம்மவரில் பலர் இன்னும் உணர்ந்ததாகத் தெரியவில்லை. வாங்கியவுடன் பறக்கவிடலாம் என்ற எண்ணம் இளைஞர்களை வீண் சிக்கலில் மாட்டிவிடக்கூடும் என்பதாலேயே இவ்விடயத்தை இங்கு விளக்க முனைகின்றோம்.

பயணிகள் விமானம் ஒன்றின் வடிவமைப்பு முழுமையாகப் பரிசோதிக்கப்பட்டு அங்கீகரிக்கப்படுகின்றது. அதன் பின்னரே அவ்வடிவில் கட்டப்படும் ஒவ்வொரு விமானத்துக்கும் பறப்புத் தகுதிச் சான்றிதழ் வழங்கப்படுகின்றது. சர்வதேசப் பயணத்தில் ஈடுபடும் விமானங்களுக்கு இச்சான்றிதழை 1944 டிசெம்பர் 7ஆம் திகதி கைச்சாத்தான சிக்காகோ உடன்படிக்கையின் 31ஆம் உறுப்புரை கட்டாயமாக்கியது. விமானி இன்றிப் பறக்கக்கூடிய விமானம் எதுவும் ஒரு நாட்டின் விசேட அனுமதியின்றி அந்நாட்டுக்கு மேலாக விமானி இன்றிப் பறக்கலாகாது என அதன் 8ஆம் உறுப்புரை கூறுகின்றது. இன்றைய ட்ரோன்களை எவரும் கனவிலும் காணாத காலத்தில் எழுதப்பட்ட விதி இது என்பது கவனிக்கத்தக்கது.

வீட்டில் கட்டப்பட்ட விமானம், பரிசோதனை விமானம், மிகப் பழைய விமானம் ஆகியவற்றுக்கு அத்தகைய முழுமையான சான்றிதழ் கிடைப்பது அரிது. அதனாற்றான் உலக நாடுகள் 'பறப்பதற்கான அனுமதி' என்ற வேறொரு வழியைத் திறந்து வைத்துள்ளன. இது நிபந்தனைகளுடன் கூடியது. எந்த எல்லைக்குள் பறக்கலாம், எந்நேரத்தில் பறக்கலாம், எவரை ஏற்றலாம் என்பனவெல்லாம் அதில் வரையறுக்கப்படுகின்றன.

இவ்வழி எவ்வளவு நீண்டதாக இருக்கக்கூடும் என்பதற்கு மும்பை விமானி அமோல் யாதவின் அனுபவம் சான்றாகும். தமது வீட்டு மொட்டைமாடியில் அவர் கட்டிய ஆறு ஆசன விமானம் 2016 பெப்ரவரியில் மும்பைக் கண்காட்சியொன்றில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதனைப் பதிவு செய்ய 2017 நவம்பர் வரையும், பறக்கும் அனுமதி பெற 2019 ஒக்டோபர் வரையும் அவர் காத்திருக்க நேர்ந்தது.

அனுமதி கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்றும் கொள்வதற்கில்லை. பிரிட்டனில் வீட்டில் கட்டப்படும் இலகுரக விமானங்களின் அனுமதிக்குச் செல்லுபடிச் சான்றிதழ் ஒன்று தேவை. அது 12 மாதங்களுக்கே வழங்கப்படுகின்றது. ஆண்டுதோறும் விமானம் மீளவும் பரிசோதிக்கப்பட வேண்டும். நேற்றுப் பாதுகாப்பாக இருந்த இயந்திரம் இன்றும் அவ்வாறே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதே இதிலுள்ள நியாயம்.

எமது நாட்டில் இவ்விடயங்கள் 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சிவில் விமானப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பொறுப்பான நிறுவனம் சிவில் விமான சேவைகள் அதிகாரசபை. ட்ரோன்கள் அவற்றின் எடையைக் கொண்டு வகைப்படுத்தப்படுகின்றன. எடை கூடக்கூட நிபந்தனைகளும் கடுமையாகின்றன. ட்ரோன் வானொலி அலைகளால் இயங்குவதால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அங்கீகாரமும், பாதுகாப்புக் காரணங்களுக்காகப் பாதுகாப்பு அமைச்சின் சம்மதமும் இதனுடன் தொடர்புபடுகின்றன. ஆகவே வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் ட்ரோன் ஒன்றைக் கொண்டுவரச் சொல்வதற்கு முன்னரே விசாரித்து அறிவது புத்திசாலித்தனம்.

பாதுகாப்பு என்பது எமது பிரதேசத்துக்குப் புதிய சொல்லன்று. உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களை அடுத்து 2019 ஏப்ரல் 25ஆம் திகதி நாடெங்கும் ட்ரோன் பாவனை இடைநிறுத்தப்பட்டது. மறுநாள் இரவே சாய்ந்தமருதில் அந்தக் கொடூரச் சம்பவம் நிகழ்ந்தது. அக்குற்றத்தில் எவ்விதப் பங்கும் இல்லாத எமது மக்கள் அதன் பின்னர் சந்தேகப் பார்வைகளைச் சுமந்தனர். பின்னாளில் ட்ரோன்கள் நிபந்தனைகளுடன் மீள அனுமதிக்கப்பட்டன. இத்தகைய பின்னணியில், கையிலுள்ள செல்லுபடியான அனுமதிப்பத்திரம் வெறும் காகிதமன்று. வீண் சந்தேகத்திலிருந்து ஓர் இளைஞனைக் காக்கும் கேடயம் அது.

இன்னொரு பக்கமும் உண்டு. அனுமதி பெற்றே பிறர் வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்பது நாம் சிறு வயதிலேயே கற்ற ஒழுக்கம். மதிலுக்கு மேலால் அயலவரின் முற்றத்தைப் படம் பிடிக்கும் கமராவுக்கும் அவ்வொழுக்கம் பொருந்தும். அரசாங்க அனுமதி அதற்கான உரிமையைத் தந்துவிடாது.

எனினும் கட்டுப்பாடு, பயன்பாட்டை முடக்குவதாக அமைந்துவிடக் கூடாது. சம்மாந்துறை, அக்கரைப்பற்று விவசாயிகள் மருந்துக் கலனை முதுகில் சுமந்து நஞ்சைச் சுவாசிக்கும் துன்பத்தை ட்ரோன் குறைக்கும். 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்துக்கு வடக்கே கடல் விழுங்கும் கரையோரத்தை வானிலிருந்து முறையாகப் பதிவு செய்தால், இழப்பீடு கோரும் மக்களின் கையில் அது வலுவான ஆதாரமாகும்.

அயல்நாடான இந்தியா 2021 ஓகஸ்ட் மாத ட்ரோன் விதிகளின் மூலம் 25 படிவங்களை ஐந்தாகவும், 72 வகைக் கட்டணங்களை நான்காகவும் குறைத்தது. பாதுகாப்பைக் கைவிடாமலே நடைமுறையை எளிதாக்கலாம் என்பதையே இது காட்டுகின்றது. இங்கும் விண்ணப்பமும் விளக்கமும் தெளிவான தமிழில் கிடைக்க வேண்டும். மாவட்டச் செயலகம் அல்லது பிரதேச செயலகங்கள் ஊடாக விண்ணப்பிக்கவும் புதுப்பிக்கவும் வழி செய்யப்பட வேண்டும். கிழக்கின் கரையிலிருந்து ஒரு கையொப்பத்துக்காகக் கொழும்பு வரை அலைய வேண்டிய நிலை, மக்களைச் சட்டத்தின் பக்கம் அழைத்து வராது. அதிலிருந்து விலகிச் செல்லவே தூண்டும்.

எமது இளைஞர்களும் அனுமதி முடிவடையும் திகதியை முன்கூட்டியே குறித்துவைத்துப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். சட்டத்தை எளிதாக்குவது அரசின் கடமை. அதனை மதித்து நடப்பது எமது கடமை. இவ்விரண்டும் சேர்ந்தாலன்றி இத்தொழில்நுட்பத்தின் பயன் எமது மண்ணை வந்தடையாது.