கல்லை இளக்கிய கடல்நீர்

ஒரு கல் ஏன் நொறுங்குகிறது என்று கேட்டால், "பாரம் தாங்கவில்லை" என்று சட்டென்று சொல்லிவிடுவோம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியைக் கற்றுக் கொடுத்தது, வட கடலில் நார்வே நாட்டுக்குச் சொந்தமான எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல்.

1971ஆம் ஆண்டு உற்பத்தி தொடங்கிய அந்த வயலில், ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஆழத்தில், சாக் எனப்படும் மென்மையான சுண்ணாம்புக்கல்லுக்குள் எண்ணெய் இருக்கிறது. நுண்ணிய கடற்பாசிகளின் ஓடுகள் படிந்து உருவான கல் அது. அதன் கன அளவில் 30 முதல் 40 விழுக்காடு வரை நுண்துளைகளே!

எண்ணெயை எடுக்க எடுக்க, துளைகளில் இருந்த அழுத்தம் குறைந்தது. மேலிருந்த பாறையின் பாரம் மேன்மேலும் கல்லின் மீதே இறங்கியது. கல் நசுங்கியது. 1984இல், கடல்தளமே தாழ்ந்துவிட்டது தெரியவந்தது. கடல்மேல் நின்ற மேடைகளும் கூடவே இறங்கின. புயல் அலைகள் மேடையில் உள்ளவர்களை எட்டிவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. 1987இல் ஜாக்கிகளைக் கொண்டு மேடைகளை 6 மீட்டர் உயர்த்தினார்கள்.

அதே ஆண்டில் பெருமளவில் கடல்நீரை உள்ளே செலுத்தத் தொடங்கினார்கள். எண்ணெய் கூடுதலாக வெளிவந்தது. 1990களில் அழுத்தமும் மீண்டது. ஆனால் கடல்தளம் ஆண்டுக்குச் சுமார் 40 சென்டிமீட்டர் இறங்கிக்கொண்டே இருந்தது. பாரம் கூடவில்லையே, பிறகு ஏன்?

விடை துகள்களின் மேற்பரப்பில் இருந்தது. எண்ணெய் ஊறிய சாக் கல்லைவிட நீர் ஊறிய சாக் கல் வலிமை குன்றியது. நீர் மூலக்கூறுகள் சுண்ணாம்புத் துகளின் மேற்பரப்பில் விரும்பி ஒட்டிக்கொள்கின்றன. இரு துகள்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் அவை புகுந்து, ஆப்பு வைத்தது போல அவற்றைத் தள்ளி வைக்கின்றன. பிடிப்பு தளர்கிறது. அழுத்தம் மிகுந்த அந்தத் தொடுமுனைகளில் சுண்ணாம்பு மெல்லக் கரையவும் செய்கிறது.

கடல்நீரில் உள்ள உப்புகளுக்கும் இதில் பங்குண்டு. சல்ஃபேட் துகளின் மேற்பரப்பில் ஒட்டி அதன் மின்னேற்றத்தை மாற்றுகிறது. மக்னீசியம், கல்லில் உள்ள கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்த ஆழத்தில் சுமார் 130 டிகிரி வெப்பம். அந்தச் சூட்டில் இந்த வினைகள் வேகமெடுக்கின்றன. ஆகவே 'தண்ணீர்' என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்தத் தண்ணீர் என்றும் கேட்க வேண்டும். 1998இல் பழைய மேடைகள் பலவற்றின் வேலையைப் புதிய மேடைகள் ஏற்றன.

இது எங்கோ நடந்த கதை என்று விட்டுவிட வேண்டாம். சரவாக் கடலடியிலும் எரிவாயு பெருமளவில் சுண்ணாம்புப் பாறைகளில்தான் இருக்கிறது. எரிவாயு தீர்ந்த வயல்களில் கரியமில வாயுவைச் சேமிக்கும் திட்டங்கள் இன்று பேசப்படுகின்றன. அந்த வாயு நீரில் கரைந்தால் அமிலமாகும். அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும். எனவே, கல் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதோடு, அதன் துளைகளில் எதை நிரப்பப் போகிறோம் என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.