மோட்டார் அறை ரவுட்டர் மதியத்தில் நின்றுபோகிறதா? ஹீட் சிங்க், 4ஜி கார்டு பொருத்தும் முறை

கிணற்று மோட்டாரையும் சொட்டுநீர் வால்வையும் செல்போன் மூலம் இயக்கும் விவசாயிகள் கோடையில் ஒரு சிக்கலைச் சந்திப்பதுண்டு. காலையில் நன்றாக வேலை செய்யும் ரவுட்டர், மதியம் 2 மணிக்குத் தொடர்பை இழக்கும். மாலையில் தானாகவே சரியாகிவிடும். டவர் சரியில்லை என்று நினைத்து சிம்மை மாற்றிப் பார்ப்போம். ஆனால் இப்படி வெயில் நேரத்தில் மட்டும் நின்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது சூட்டைத்தான்.

ஏன் சூடாகிறது?

வெளியில் 40 டிகிரி வெயில் என்றால், தகரக் கூரை போட்ட மோட்டார் அறையில் மூடிய பெட்டிக்குள் 50 டிகிரி இருக்கலாம். பிராசஸர் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிட 30 டிகிரி கூடுதலாகச் சூடானால், மொத்தம் 80 டிகிரி ஆகிவிடும். ராஸ்பெரி பை 4 போர்டு 80 டிகிரி செல்சியஸில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வேறு சில போர்டுகள் நின்று மறுபடி தொடங்கும். தோட்டத்தில் தூசி, ஈரம், எறும்பு, சிலந்தி எல்லாம் உண்டு என்பதால் சிறிய மின்விசிறி நெடுநாள் உழைக்காது. அலுமினிய ஹீட் சிங்க்தான் ஏற்றது.

தொடங்கும் முன்

அடாப்டர், பேட்டரி இரண்டின் இணைப்பையும் கழற்றுங்கள். மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள். போர்டைப் பெட்டிக்குள் நுழைக்கும்போது அது உடைந்துபோகும். உடலில் உள்ள நிலைமின்சாரம் சில்லைக் கெடுக்கும் என்பதால், மண்ணோடு தொடர்புள்ள உலோகக் குழாயைத் தொட்டுவிட்டுப் போர்டின் ஓரத்தை மட்டும் பிடியுங்கள்.

ஹீட் சிங்க் ஒட்டுவது

1. சில்லின் மேற்பரப்பை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து உலர விடவும்.

2. ஒட்டும் தெர்மல் பேடின் இருபுறமும் உள்ள மெல்லிய தாளை உரிக்கவும். ஒரு பக்கத் தாள் ஒட்டியே இருந்தால் சூடு சரியாகக் கடத்தப்படாது.

3. நேராக வைத்து அரை நிமிடம் அழுத்தவும். பக்கத்தில் உள்ள பாகங்களை ஹீட் சிங்க் தொடக்கூடாது.

4. தெர்மல் பேஸ்ட் என்றால் ஓர் அரிசி அளவு போதும். பேஸ்ட் ஒட்டாது, கிளிப் அல்லது ஸ்குரூ கட்டாயம் தேவை.

சாதாரண டபுள் டேப், பசை போன்றவை சூட்டைக் கடத்தாது. ஒருமுறை கழற்றிய பேடை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

பிசி என்ஜின்ஸ் ஏபியு2 போன்ற போர்டுகளில் பிராசஸரின் சூடு ஓர் அலுமினியத் தகடு வழியாக உலோகப் பெட்டிக்கே கடத்தப்படுகிறது. பெட்டி வெதுவெதுப்பாக இருப்பது அங்கே கோளாறு அல்ல. சூடு வெளியேறுகிறது என்று பொருள்.

4ஜி கார்டு பொருத்துவது

வாங்கும் முன் கையேட்டைப் பாருங்கள். மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் கார்டு உட்கார்ந்தால் மட்டும் போதாது. பல 4ஜி கார்டுகளுக்கு ஸ்லாட்டில் யுஎஸ்பி இணைப்பும், சிம் ஹோல்டரோடு தொடர்பும் வேண்டும். எல்லா ஸ்லாட்டிலும் இவை இருப்பதில்லை. நம் நாட்டு 4ஜி சேவையில் பயன்படும் பேண்ட் 3, 5, 40 ஆகியவை கார்டில் உள்ளனவா என்றும் பாருங்கள். வெளிநாட்டுச் சந்தைக்காகச் செய்த மலிவு கார்டுகள் இதில் ஏமாற்றலாம்.

கார்டைச் சாய்வாகச் செருகி, வெட்டு பொருந்தியதும் கீழே படுக்கவைத்து ஸ்குரூ போடவும். பலம் கொடுக்கத் தேவையில்லை. ஆன்டெனா வயரின் சிறு முனையைச் செங்குத்தாக அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். ஆன்டெனா இல்லாமல் மின்சாரம் கொடுக்காதீர்கள். குறிப்பாக, வால்வுகளோடு பேசும் லோரா கார்டு பழுதாகலாம். லோரா கார்டு இந்தியாவுக்கான 865–867 மெகாஹெர்ட்ஸ் வகையாக இருக்க வேண்டும்.

கார்டு சேர்த்தால் மின்தேவை கூடும். பழைய அடாப்டரின் ஆம்பியர் போதுமா என்று கையேட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டியை எங்கே மாட்டுவது?

வெயில் படாத சுவரில், ஸ்டார்ட்டருக்குத் தள்ளி மாட்டவும். சூடான காற்று மேலெழும் என்பதால் ஹீட் சிங்கின் தகடுகள் மேல்கீழாக நிற்க வேண்டும். வயர்கள் பெட்டியின் அடிப்புறமாக நுழைந்தால் மழைநீர் வழிந்து உள்ளே போகாது. உலோகப் பெட்டி என்றால் ஆன்டெனா வெளியே இருக்கட்டும்.

மதியம் 2 மணிக்கு ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் பிராசஸர் வெப்பநிலையை, பொருத்துவதற்கு முன்பும் பின்பும் குறித்துவையுங்கள். கடும் வெயிலிலும் 70 டிகிரிக்குள் இருந்தால் கவலை இல்லை.

மறக்கக் கூடாத ஒன்று

எவ்வளவு நன்றாகப் பொருத்தினாலும் ரவுட்டர் ஒருநாள் நிற்கும். அப்போது கிணறு வற்றியும் மோட்டார் ஓடினால் காயில் கருகிவிடும். எனவே டிரை ரன் பாதுகாப்பும் ஓவர்லோடு ரிலேயும் ஸ்டார்ட்டரிலேயே இருக்க வேண்டும். வால்வை மூடும் நேரமும் தோட்டத்தில் உள்ள கன்ட்ரோலரிலேயே பதிவாகியிருக்கட்டும். திறப்பதற்குச் செல்போன் போதும். நிறுத்துவதற்கு அதை மட்டும் நம்பக் கூடாது. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் மும்முனை மின்சாரம் இருப்பதால் அந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.