நாலு கிலோபைட்டில் ஒரு நதி

கறுப்பு வெள்ளை டிவியில் பறந்த ஒரு போர் விமானமும் குவைத்திலிருந்து திரும்பி வந்த ஒரு மாமாவும்

எங்கள் வீட்டில் அந்த நதி சாம்பல் நிறம். கரை அதைவிடக் கொஞ்சம் அடர்ந்த சாம்பல். விமானம் வெள்ளை. டெல்லி ஆர்.கே. புரத்து அரசாங்கக் குவார்ட்டர்ஸில், பதினாலு அங்குலக் கறுப்பு வெள்ளை டிவியில், அந்த நதியின் மேல் வருடக்கணக்கில் பறந்திருக்கிறேன். நதி நீலம், கரை பச்சை, விமானம் மஞ்சள் என்பதெல்லாம் அடுத்த பிளாக்கில் கலர் டிவி இருந்த வீட்டுக்கு ஒரு நாள் கேசட்டை எடுத்துப் போனபோதுதான் தெரிந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. யாரோ என் நதிக்குச் சாயம் பூசிவிட்டாற்போல் இருந்தது.

விளையாட்டின் பெயர் 'ரிவர் ரெய்டு'. அட்டாரி 2600 என்ற வீடியோ கேம் பெட்டிக்காக அமெரிக்காவின் ஆக்டிவிஷன் நிறுவனம் 1982-ல் வெளியிட்டது. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அமெரிக்கப் பிள்ளைகள் விளையாடி அலுத்த பிறகே அது நம் நடுத்தர வர்க்கத்தின் வரவேற்பறைக்கு வந்தது. வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர்களின் பெட்டிகளில் வந்தது. டெல்லியில் பாலிகா பஜார் கடைகளின் கண்ணாடி அலமாரிகளில் வந்தது. எங்கள் வீட்டுக்கு 1989 கோடையில் வந்தது. கொண்டு வந்தவர் குவைத்தில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்த மாமா, அம்மாவின் தம்பி. எனக்கு அப்போது ஒன்பது வயது.

விளையாட்டைச் சொல்வது சுலபம். திரையின் அடியில் ஒரு போர் விமானம். மேலிருந்து கீழாக நதி ஓடி வருகிறது. கரையில் இடித்தால் விமானம் காலி. ஜாய்ஸ்டிக்கை முன்னால் தள்ளினால் வேகம். பின்னால் இழுத்தால் நிதானம். நிற்க மட்டும் முடியாது. எதிரே வரும் கப்பலைச் சுட்டால் 30 பாயிண்ட், ஹெலிகாப்டருக்கு 60, ஜெட் விமானத்துக்கு 100. சற்று தூரத்துக்கு ஒரு பாலம் குறுக்கே நிற்கும். அதைத் தகர்த்தால் 500. தகர்க்காவிட்டால் அதில் மோதிச் சாக வேண்டியதுதான். தகர்த்துவிட்டால், அடுத்து எங்கே செத்தாலும் அந்தப் பாலத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். பத்தாயிரம் பாயிண்டுக்கு ஒரு விமானம் இனாம்.

இவ்வளவுதான் என்றால் அது நூற்றில் ஒன்றாக மறந்துபோயிருக்கும். அதை மறக்க முடியாததாக்கியது பெட்ரோல்.

திரையின் அடியில் ஒரு பெட்ரோல் முள். பறக்கப் பறக்க அது இறங்கிக்கொண்டே இருக்கும். நதியில் ஆங்காங்கே எண்ணெய்க் கிடங்குகள் மிதக்கும். அவற்றின் மேலாகப் பறந்தால் டாங்க் நிரம்பும். மெதுவாகப் பறந்தால் கூடுதலாக நிரம்பும். ஆனால் கிடங்கையும் சுடலாம். சுட்டால் 80 பாயிண்ட். அதாவது உன்னைக் காப்பாற்றும் பொருளை அழித்தாலும் உனக்குப் பரிசு உண்டு. போகப்போகக் கிடங்குகள் அரிதாகும். எண்பது பாயிண்டுக்கு ஆசைப்பட்டவன் அடுத்த வளைவில் எச்சரிக்கை மணி அலற, வறண்ட டாங்குடன் விழுவான்.

ஒன்பது வயதில் நான் எல்லாவற்றையும் சுட்டேன். மாமாவுக்குப் பொறுக்காது. "டேய், எதிரியைச் சுடு, கப்பலைச் சுடு. பெட்ரோல் பங்கைச் சுடாதேடா. அது யாருடையதா இருந்தா என்ன, நமக்கு வேணும்ல" என்பார். எண்ணெய் நாட்டில் சம்பாதித்தவரின் அறிவுரை. அவர் ஒரு கிடங்கைக்கூட விடாமல், ஒன்றையும் சுடாமல், ஜாய்ஸ்டிக்கைப் பின்னால் இழுத்து நிதானமாக நிரப்பிக்கொண்டு போவார். டாங்க் நிரம்பியதும் சத்தத்தின் சுருதி மாறும். அப்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். ஸ்கோர் என்னவோ என்னுடையதைவிடக் குறைவுதான். ஆனால் அவர் போன தூரம் நான் போனதில்லை. ஒரு மாத லீவு முடிந்து கிளம்பும்போது, "அடுத்த தடவை வரும்போது பதினைந்தாயிரம் எடுத்து வை" என்று சொல்லிவிட்டுப் போனார். பதினைந்தாயிரம் எடுத்த அமெரிக்கப் பிள்ளைகள் டிவித் திரையைப் போட்டோ பிடித்து அனுப்பினால் ஆக்டிவிஷன் ஒரு துணிச் சின்னம் அனுப்பிவைத்த விவரம் எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது.

இன்னொன்றும் தெரியாது. அந்த நதியை உருவாக்கியது ஒரு பெண். கரோல் ஷா, 1955-ல் பிறந்தவர். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்து 1978-ல் அட்டாரியில் சேர்ந்தவர். வீடியோ விளையாட்டுகளைத் தொழில்முறையில் வடிவமைத்த முதல் பெண்களில் ஒருவர். பிறகு ஆக்டிவிஷனுக்கு வந்தார். அந்த நிறுவனமே 1979-ல் ஒரு மனக்குறையில் பிறந்தது. விளையாட்டை எழுதியவர்களின் பெயரை அட்டாரி வெளியே சொல்வதில்லை என்று பிரிந்து வந்தவர்கள் தொடங்கியது அது. மொழிபெயர்ப்பாளனாகப் பிழைக்கும் எனக்கு இந்தக் கதை பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. அட்டையில் பெயர் இல்லாத வலி எனக்குத் தெரியும்.

கரோல் ஷாவுக்குக் கிடைத்த இடம் நாலு கிலோபைட், அதாவது 4,096 பைட். நீங்கள் படிக்கும் இந்தக் கட்டுரையைக் கம்ப்யூட்டரில் சேமித்தால் அதைப்போலப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அவர் அதற்குள் விமானம், கப்பல், ஹெலிகாப்டர், பாலம், சத்தம், ஸ்கோர் எல்லாவற்றையும் அடக்கி, முடிவில்லாத நதியையும் ஓடவிட வேண்டும். பெட்டியின் தற்காலிக நினைவகம் வெறும் 128 பைட். நதியின் வரைபடத்தை அதில் சேமித்து வைக்க வழியே இல்லை.

எனவே அவர் நதியை வரையவில்லை. நதியைக் கணக்கிடும் ஒரு சூத்திரத்தை எழுதினார். ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண், அதிலிருந்து அடுத்தது. பார்வைக்கு அவை தாறுமாறான எண்கள். அவற்றிலிருந்துதான் அடுத்த வளைவு எங்கே, தீவு எங்கே, கிடங்கு எங்கே என்பதெல்லாம் தீர்மானமாகும். ஆனால் தொடங்கும் எண் ஒன்றாகவே இருந்தால் வரிசையும் மாறாது. அதனால் அந்த நதி ஒவ்வொரு தடவையும் அதே நதிதான். கலிபோர்னியாவில் 1982-ல் ஒரு சிறுவன் கண்ட முதல் வளைவைத்தான் ஆர்.கே. புரத்தில் நான் 1989-ல் கண்டேன். திரையின் ஒரு பாதியைத் திருப்பிப்போட்டு மறு பாதியாகக் காட்டும் வசதி பெட்டியில் இருந்ததால் இரு கரைகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்போல இருக்கும். ஏழு சீருக்குள் அடங்கும் குறளைப் படித்துப் பட்டம் வாங்கியவனுக்கு இந்தச் சிக்கனம் புரிகிறது. சிறுவனுக்குப் புரிந்தது ஒன்றுதான்: அடுத்து என்ன வரும் என்பது தெரியும்.

1990-ல் அது யாருக்கும் தெரியவில்லை. ஆகஸ்ட் 2 அன்று இராக் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. மாமாவிடமிருந்து தகவல் இல்லை. போன் கிடைக்கவில்லை. அப்பா ஆபீஸ் முடிந்ததும் யார் யாரையோ பார்க்கப் போவார். அம்மா தினமும் மலை மந்திருக்குப் போய் வந்தார். ஒரு நாள் நான் வழக்கம்போல் டிவியை ட்யூன் செய்து உட்கார்ந்தேன். முதல் பாலம் வெடித்தது. சமையலறையிலிருந்து வந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. ஒயரைப் பிடுங்கி, பெட்டியைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டார். மேற்கு ஜெர்மனியும் இதையே செய்திருக்கிறது. இளம் பிள்ளைகளுக்கு யுத்தப் பயிற்சி தருகிறது என்று சொல்லி 1984-ல் 'ரிவர் ரெய்டை' தடைப்பட்டியலில் சேர்த்தது. 2002 வரை அது பட்டியலில் இருந்தது. அந்த அதிகாரிகளைப் பார்த்து உலகம் சிரித்திருக்கிறது. எனக்கு அம்மா ஞாபகம் வருவதால் சிரிக்க முடிவதில்லை.

குவைத்தில் சிக்கிய இந்தியர்களில் ஏறத்தாழ 1,70,000 பேரை இந்தியா திரும்ப அழைத்து வந்தது. ஜோர்டானின் அம்மான் நகரிலிருந்து ஏர் இந்தியா இரண்டு மாதம் ஓயாமல் பறந்தது. மாமா செப்டம்பர் கடைசியில் ஒரு கைப்பையுடன் பம்பாயில் இறங்கி, ரயிலேறி டெல்லிக்கு வந்தார். பதினோரு வருடச் சம்பாத்தியத்தில் மிச்சம் அந்தப் பைதான். பஸ்ரா, பாக்தாத் வழியாகப் பாலைவனம் கடந்து பஸ்ஸில் அம்மான் வரை வந்த கதையை அவர் அதிகம் சொன்னதில்லை. கேட்டால், "டீசல் தீர்ந்துடுமோங்கிறதுதான்டா பயம்" என்பார். வேலை தேடிக்கொண்டு எங்கள் வீட்டிலேயே தங்கினார்.

1991 ஜனவரி 17 அன்று அமெரிக்கக் கூட்டுப் படைகளின் விமானத் தாக்குதல் தொடங்கியது. ராணுவ அதிகாரிகள் நிருபர்களுக்குப் போட்டுக் காட்டிய வீடியோ படங்கள் செய்திகளில் வந்தன. மேலிருந்து எடுத்த படங்கள். நடுவே குறுக்குக் கோடுகள். ஒரு கட்டடம் அல்லது ஒரு பாலம். சத்தமில்லாமல் ஒரு வெள்ளை வெளிச்சம். பிறகு ஒன்றுமில்லை. எல்லாம் சாம்பல் நிறம். உலகப் பத்திரிகைகள் அதற்கு 'வீடியோ கேம் யுத்தம்' என்று பெயர் வைத்தன. கலர் டிவி வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு உவமை. எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே திரையில், ஒரே நிறத்தில்தான் தெரிந்தன. நான் உற்சாகத்தில், "மாமா, ஐந்நூறு!" என்று கத்தினேன்.

மாமா கோபிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "அந்த மாதிரி ஒரு பாலத்து மேலதான்டா நாங்க வந்தோம். ராத்திரி. பஸ் பூரா தூங்குது. ஆறு நம்ம கொள்ளிடம் மாதிரி அகலம். பாலம் முழுக்க வரிசையா லைட்டு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது, மாமாவே ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். ஜாய்ஸ்டிக்கை அவரே எடுத்துக்கொண்டார். கப்பலைச் சுடவில்லை, ஒதுங்கிப் போனார். ஹெலிகாப்டருக்கும் வழிவிட்டார். கிடங்கு வந்தபோது நிரப்பிக்கொண்டார். பாலம் வந்தது. "சுடுங்க மாமா" என்றேன்.

"சுடாம போக வழியே இல்லையாடா?"

"இல்லை மாமா. இடிச்சுடும்."

அவர் ஜாய்ஸ்டிக்கை முடிந்தவரை பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். நிற்காத விமானம் மெல்ல மெல்லப் போய்ப் பாலத்தில் மோதியது. அடுத்த விமானமும் அப்படியே. எல்லா விமானமும் தீர்ந்த பிறகு ஸ்கோரைப் பார்த்தேன். பூஜ்யம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டு, "ம், நீ ஆடு" என்று என்னிடம் கொடுத்துவிட்டார். நான் ஆடினேன். பாலங்களையெல்லாம் தகர்த்தேன். எனக்குப் பத்து வயது, விளையாட்டு விளையாட்டுதான். டைக்ரிஸ், யூப்ரடீஸ் நதிகளின் மேலிருந்த பல பாலங்கள் அந்தக் குளிர்காலத்தில் உண்மையிலேயே விழுந்தன. அதைப் பிற்பாடு மொழிபெயர்ப்பு வேலைக்காக ஒரு புத்தகத்தில் வரிவரியாகப் படிக்க நேர்ந்தபோது, பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றேன். அந்தப் பூஜ்யம் அன்றைக்குத்தான் புரிந்தது.

இதனால் அந்த விளையாட்டின் மீதுள்ள பிரியம் குறைந்ததா என்றால் இல்லை. யுத்தத்தை அது விற்றது என்று சொல்லலாம். ஆனால் பெரும்பாலான யுத்த விளையாட்டுகள் சொல்லாத ஒன்றை அது சொன்னது: சுடத் தெரிந்தால் போதாது, எதைச் சுடாமல் விடுவது என்றும் தெரிய வேண்டும். பாலத்தைப் பற்றி அதற்கு அந்த அறிவு இல்லை. பெட்ரோலைப் பற்றி இருந்தது. நாலு கிலோபைட்டில் அதற்குமேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மாமா 1992-ல் மறுபடி குவைத்துக்குப் போனார். இன்னும் பன்னிரண்டு வருடம் உழைத்தார், இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தார், 2014-ல் கும்பகோணத்தில் காலமானார். கரோல் ஷாவுக்கு 2017-ல் லாஸ் ஏஞ்சலீஸில் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் கௌரவ விருது கொடுத்தார்கள். அதைப் பற்றிய செய்தியில்தான் அவர் முகத்தை முதல்முறையாகப் பார்த்தேன்.

பழைய கேசட்டுகளையே போட்டு ஆடக்கூடிய புதிய பெட்டியை அட்டாரி 2023-ல் வெளியிட்டது. நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தார். என் கேசட் முப்பது வருடத்துக்கு மேல் ஒரு தகர டப்பாவில் இருந்தது. வேலை செய்யும் என்று நம்பவில்லை. செய்தது. முதல் வளைவு வருவதற்கு முன்பே கை தானாகத் திரும்பியது. அதே தீவு. அதே கிடங்கு. ஆர்.கே. புரத்து வீட்டில் இப்போது யாரோ இருக்கிறார்கள், அம்மாவுக்கு முழங்கால் வலி, மாமா இல்லை. நதி மட்டும் ஒரு வளைவுகூட மாறவில்லை.

பன்னிரண்டு வயது மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். அவள் முறை வந்ததும் முதல் காரியமாக ஒரு கிடங்கைச் சுட்டாள். "பெட்ரோல் பங்கைச் சுடாதேடி" என்று என் வாயிலிருந்து வந்தது. அவள் கேட்கவில்லை, நானும் அந்த வயதில் கேட்டதில்லை. பிறகு டிவி ரிமோட்டை எடுத்து, கலரைக் குறைத்துக்கொண்டே போய்ப் பூஜ்யத்தில் வைத்தேன். நதி சாம்பல் நிறமாயிற்று.

"என்னப்பா, டிவி கெட்டுப்போச்சா?" என்றாள்.