பல்லைப் பிடித்துப் பார்ப்பது ஏன்?

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்பார்கள். இனாமாக வந்ததில் குறை காணக்கூடாது என்பது பொருள். பழமொழி பிறந்த இடம் மாட்டுச் சந்தை.

மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கீழ்த்தாடையில் உள்ள எட்டு முன்பற்களே அதன் ஜாதகம். கன்றின் பால் பற்கள் சிறியவை. சுமார் 2 வயதில் நடுவிலுள்ள இரண்டும் விழுந்து, அகலமான நிலைப்பற்கள் முளைக்கும். இதுவே 'இரண்டு பல்'. பின்னர் நாலு பல், ஆறு பல் என்று ஜோடி ஜோடியாக முளைத்து, ஏறக்குறைய நாலரை வயதில் எட்டும் நிறைந்து 'கடை சேர்ந்து' விடும். நாட்டு மாடுகளில் சில மாதங்கள் தாமதமாகலாம். அதன்பின் பற்களின் தேய்மானத்தையும் இடைவெளியையும் பார்த்தே வயதை மதிக்க வேண்டும். பல் மிகவும் தேய்ந்த மாடு சோளத்தட்டைச் சரியாக மெல்லாது. தீனி வீணாகும், உடல் தேறாது.

பழமொழி தானத்துக்குத்தான், கடன் வாங்கிக் கொடுக்கும் பணத்துக்கு அல்ல. புதன்சந்தையில் தரகர் துண்டுக்கடியில் உங்கள் விரலைப் பிடிக்குமுன், நீங்கள் மாட்டின் வாயைத் திறந்து பாருங்கள்.

"ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும்" என்பதும் வெறும் பேச்சல்ல. மடியைக் கழுவித் தடவியதும் மாட்டின் இரத்தத்தில் ஆக்சிடோசின் என்ற சுரப்பு கலக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் பால் இறங்கும். அதன் வேகம் சில நிமிடங்களே நிற்கும் என்பதால் 5 முதல் 7 நிமிடங்களுக்குள் கறந்து முடிப்பது நல்லது. மாட்டை அடித்தாலோ, நாய் குரைத்து மிரட்டினாலோ, பயத்தில் சுரக்கும் வேறொரு சுரப்பு இதைத் தடுத்துவிடும். மாடு பாலை 'எக்கிக்கொள்வது' இதனால்தான். பழகிய ஆள், பழகிய நேரம், பழகிய பாட்டு என்று முன்னோர் வைத்தது பொருத்தமே. கன்று இறந்தால் அதன் தோலில் வைக்கோல் திணித்துப் பசுவின் முன் நிறுத்தியதும் இதே காரணத்தால்தான். இதற்காக ஊசி போடுவோர் உண்டு. அது சட்டப்படி குற்றம், மாட்டுக்கும் கேடு.

வீட்டை விட்டு நகராதவரை 'அடைக்கோழி' என்கிறோம். அடைகாக்கும் கோழி 21 நாட்களும் தீனிக்கும் தண்ணீருக்கும் மட்டுமே எழுந்திருக்கும், முட்டையும் இடாது. இதனால்தான் நாமக்கல் பண்ணைகளில் உள்ள முட்டைக்கோழி இனங்களில் அடைகாக்கும் குணத்தையே தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள். புறக்கடையில் குஞ்சு பொரிக்க விரும்புவோர் நாட்டுக்கோழியைத்தான் நாட வேண்டும்.