எருக்கு முளைத்தால் வீடு பாழா?

"உன் வீட்டில் எருக்கு முளைக்க!" என்று சபிப்பது நம் ஊர் வழக்கம். ஆள் இல்லாத வீட்டில்தான் எருக்கு முளைக்கும் என்ற எண்ணமே இதற்குக் காரணம். ஆனால் விநாயகர் சதுர்த்தி வந்துவிட்டால் அந்த எருக்கம்பூவைத் தேடி அலைகிறோம். மாலை கட்டிப் பிள்ளையாருக்குப் போடுகிறோம். மறுநாளே செடியை மறந்துவிடுகிறோம்.

ஆண்டு முழுவதும் இதை மறக்காத ஜீவன்கள் இரண்டு உண்டு. ஒன்று கருவண்டு. மற்றொன்று வண்ணத்துப்பூச்சி.

பெங்களூரின் காலி மனைகளிலும், ரயில் பாதை ஓரங்களிலும், ஏரிக்கரைகளிலும் எருக்கு தானாகவே வளரும். கன்னடத்தில் இதற்கு "எக்க" என்று பெயர். காலி மனையில் வீடு கட்டத் தொடங்கினால் முதலில் வெட்டி எறியப்படுவது இதுதான். செடி போனால் அதை நம்பி வாழும் உயிர்களும் போய்விடும்.

கருவண்டின் வேலை

மற்றப் பூக்களைப் போல எருக்கம்பூவின் மகரந்தம் தூளாக உதிர்வதில்லை. இரண்டு சிறு பைகளாகச் சேர்ந்து பூவுக்குள் ஒளிந்திருக்கிறது. தேன் குடிக்க வரும் பெரிய கருவண்டின் உடலில் இந்தப் பைகள் மாட்டிக்கொள்கின்றன. வண்டு அடுத்த பூவில் உட்காரும்போது அவை அங்கே சேருகின்றன. அதன் பிறகே காய் உண்டாகிறது. காய் வெடித்ததும் பட்டுப் போன்ற பஞ்சுடன் விதைகள் காற்றில் பறக்கின்றன.

இந்த வண்டு எருக்கோடு நிற்பதில்லை. துவரைக்கும் கத்தரிக்கும் போகிறது. கத்தரிப்பூவின் மகரந்தம் சிறு குழாய்களுக்குள் அடைபட்டிருக்கும். வண்டு பூவைப் பற்றிக்கொண்டு "கிர்" என்று அதிர வைத்தால்தான் நன்றாக உதிரும். கூட்டுத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது!

காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் வட்டமாகத் துளை போட்டுக் குடியிருப்பது இந்த வண்டுதான். தொந்தரவு செய்யாவிட்டால் யாரையும் தேடி வந்து கொட்டாது.

விஷமே கவசம்

ஆரஞ்சு நிற இறகு, கறுப்பு ஓரம், அதில் வெள்ளைப் புள்ளிகள். இப்படி ஒரு வண்ணத்துப்பூச்சியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இதற்கு "வெந்தய வரியன்" என்று பெயர். இது எருக்கிலையின் அடிப்புறத்தில் ஒவ்வொன்றாக முட்டையிடும். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளோடு வரும் புழு, எருக்கிலையைத் தின்றே வளரும். இலையின் விஷம் அதன் உடம்பில் தங்கிவிடுகிறது. ஒரு முறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை கிட்டே வராது.

நாட்டின் முதல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா 2006-ல் பன்னேர்கட்டாவில் திறக்கப்பட்டது. அதைக் காண டிக்கெட் வாங்க வேண்டும். எருக்கு இருந்தால் ஒரு வகைப் பூச்சியாவது நம் வாசலுக்கே வரும்.

வளர்ப்பது எப்படி?

முற்றிய தண்டில் ஒரு முழக் குச்சி வெட்டுங்கள். பால் காயும்வரை ஓரிரு நாள் நிழலில் வைத்து, பிறகு நடுங்கள். செம்மண்ணும் மணலும் கலந்தால் போதும். உரம் தேவையில்லை. மண் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதும். நீர் தேங்கினால் வேர் அழுகும். நல்ல வெயில் மட்டும் வேண்டும். விதை போட்டும் வளர்க்கலாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் பெரிய சிமென்ட் தொட்டியில் வைத்து, அவ்வப்போது கழித்துவிடலாம். ஒரு முறை வேர் பிடித்தால் பல ஆண்டு நிற்கும். ஆடு மாடும் சாதாரணமாக வாய் வைக்காது.

இலையில் ஓட்டை விழுந்தால் பயப்பட வேண்டாம். அது புழுவின் சாப்பாடு. மஞ்சள் நிற அசுவினி மொய்த்தால் தண்ணீர் பீச்சிக் கழுவுங்கள். பூச்சி மருந்து அடித்தால் புழுவும் வண்டும் சேர்ந்தே சாகும்.

கண் ஜாக்கிரதை!

எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. சில சமயம் வலியே இருக்காது. பார்வை மட்டும் மங்கும். "வலி இல்லையே" என்று சும்மா இருக்கக் கூடாது. உடனே நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு, மின்டோ கண் ஆஸ்பத்திரி போன்ற இடத்துக்குப் போய்விட வேண்டும். பூப் பறித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவும்வரை கண்ணைக் கசக்கக் கூடாது. சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில், அவர்களுக்கு எட்டாத இடத்தில்தான் செடி இருக்க வேண்டும். விஷச்செடி என்பதால் கைவைத்தியத்துக்கும் வேண்டாம்.

அடுத்த சதுர்த்திக்கு எருக்கம்பூ பறிக்கப் போகிறவர்கள், பூவோடு ஒரு குச்சியையும் வெட்டி வரலாம். மனைக்காரர் நாளை அஸ்திவாரம் தோண்டினாலும், செடி உங்கள் தொட்டியில் பிழைத்திருக்கும்.